ஒயிட்ஹெட் தொங்கவிட்ட ஊசல்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி வலி கொஞ்சம் தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

மூத்தவன் கப்பல் இந்த முறை குரோஷியாவின் ரியேகா துறைமுகத்துக்குப் போயிருந்தது. கடலோரத்தில் சிதிலமாகக் கிடக்கும் ஒரு கட்டடத்தைப் படமெடுத்து அனுப்பினான். தண்ணீருக்கு அடியில் தானே ஓடிப்போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் டார்பிடோவைத் தண்ணீரில் விட்டுச் சோதித்துப் பார்த்த இடமாம். அப்புறம் எனக்கு வேறு வேலை ஓடுமா? அதைப் பற்றியே தேடித் தேடிப் படித்தேன்.

அந்த ஊருக்கு அப்போது ஃபியூமே என்று பெயர், ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. லூபிஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரிக்கு ஒரு யோசனை: வெடிமருந்து ஏற்றிய சின்னப் படகைக் கரையிலிருந்தே கயிறு பிடித்து ஓட்டி, எதிரிக் கப்பலில் மோதவிடலாம். 1864இல் அதை ராபர்ட் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேய இன்ஜினீயரிடம் கொண்டுபோனார். கயிறு தேறாது என்று ஒயிட்ஹெட்டுக்குப் புரிந்துவிட்டது. படகையே தண்ணீருக்கு அடியில் அனுப்பிவிட்டார்.

1866இல் மீன் மாதிரி ஓர் இரும்புக் குழாய் தயார். மூக்கில் வெடிமருந்து, வயிற்றில் அழுத்திய காற்று. அழுத்தம் லாரி டயரில் அடிப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்தக் காற்றில் இன்ஜின் சுற்றும். வேகம் என்னவோ மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போலத்தான், நாம் மில்லுக்கு சைக்கிளில் போன வேகம்.

ஓடியது சரி, ஒரே ஆழத்தில் ஓடவில்லை. கடல்நீர் ஒரு பக்கமும் ஸ்பிரிங் மறுபக்கமும் அழுத்துகிற தட்டு ஒன்று வைத்திருந்தார். ஆழம் கூடினால் தட்டு உள்ளே போகும், சுக்கான் திரும்பும், டார்பிடோ மேலே வரும். ஆனால் வேண்டிய ஆழத்தோடு நிற்காமல் அதைத் தாண்டி மேலே போய்விடும், மறுபடி முங்கும். நான் சைக்கிள் பழகியபோது இந்தப் பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரை ஒரே வெட்டாக அந்தப் பக்கம் வெட்டுவேனே, அதே கதை!

1868இல் மருந்து கிடைத்தது. உள்ளே கனமான ஓர் ஊசலைத் தொங்கவிட்டார். மூக்கு சாய்ந்தால் ஊசல் முன்னால் ஆடும், நிமிர்ந்தால் பின்னால் ஆடும். தட்டும் ஊசலும் சேர்ந்தே சுக்கானைத் திருப்பின. தட்டு ‘இன்னும் இறங்கு’ என்னும்போதே, ‘இறங்கிக்கொண்டுதானே இருக்கிறோம், போதும்’ என்று ஊசல் தடுத்துவிடும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயரே ‘ரகசியம்’. பிரிட்டன் 1871இல் 15,000 பவுண்டு கொடுத்து உரிமை வாங்கியது.

சண்டையில் முதல் வீச்சு வீண். 1877இல் பெருவின் கடலோரத்தில் ‘ஷா’ என்ற பிரிட்டிஷ் கப்பல், ‘ஹுவாஸ்கர்’ என்ற பெரு நாட்டுப் போர்க்கப்பல் மீது ஒரு டார்பிடோவை விட்டது. ஹுவாஸ்கர் தப்பிவிட்டது, இன்றும் சிலியில் அருங்காட்சியகமாக மிதக்கிறது. அடுத்த ஜனவரியில் கருங்கடலின் படூமி துறைமுகத்தில் ரஷ்யக் கடற்படை அதிகாரி மகாரோவ் அனுப்பிய படகுகள் டார்பிடோ விட்டு இந்திபா என்ற துருக்கியக் கப்பலை மூழ்கடித்தன. அதற்குப் பிறகு எல்லா நாடும் வாங்க வரிசை கட்டியது. செத்தவர்களை நினைத்தால் சங்கடம்தான். ஆனாலும் அந்த ஊசலை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

பேரனுக்கு சைக்கிள் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். எனக்குச் செய்த மாதிரி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடாதே, உன் முட்டி தாங்காது.

உன்,
சண்முகம்