மலருக்கு: இரண்டு உடும்பும் ஒரு பெட்டியும்

அன்புள்ள மலர்,

பிரிஸ்பேன் வீட்டுக்கு இரண்டாவது ஏக்கியும், அதாவது அந்த ஆஸ்திரேலியக் குட்டை முள்வால் உடும்பும், வந்துவிட்டதாக எழுதியிருந்தாய். உரிமத்துக்கான பதிவேட்டில் அதையும் எழுதிவிடு. நம்மூரில் உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்தாலே வழக்கு. அங்கே முறையாக வளர்க்க வழி கிடைத்திருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்.

பழையதற்குத் துணை வேண்டும் என்று நினைத்து இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்ப்பதானால் வேண்டாம், கண்ணு. ஏக்கி பெரும்பாலும் பாறை இடுக்கிலும் வளையிலும் தனித்து வாழும் பிராணி, துணை இல்லை என்று ஏங்குவதில்லை. மற்ற உடும்புகளைவிட இந்த வகை ஒத்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்றையொன்று பார்க்காமல் ஒதுங்க இடமும், எந்நேரமும் பிரித்து வைக்கத் தயாராக இன்னொரு பெட்டியும் இருந்தால் மட்டும் சேர்.

புதியதை 90 நாள் வேறு அறையில் வை. கீழே மண் போடாமல் வெள்ளைத் தாள் விரி. உண்ணி விழுந்தால் கரும்புள்ளியாகத் தெரியும், மலமும் கண்ணில் படும். அதற்குத் தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம். தினமும் பழையதைக் கவனித்த பிறகே இதைத் தொடு. மலப் பரிசோதனையைச் சில வார இடைவெளியில் மூன்று முறை செய், ஏனென்றால் ஒட்டுண்ணி ஒவ்வொரு நாளும் மலத்தில் வெளிவராது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி மட்டும் பழையதற்கும் தொற்றிவிட்டால் நம்பகமான மருந்து கிடையாது. இந்த 90 நாளில் ஒன்றைக்கூடக் குறைக்காதே.

அதற்குள் ஆணா பெண்ணா என்று ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொள். தலை அகலத்தையும் வாலடி முள்ளையும் வைத்துச் சொல்வது இளசுகளில் பலமுறை தப்பாகும். இரண்டும் ஆண் என்றால் சேர்க்காதே, அதோடு பேச்சு முடிந்தது. இரண்டும் பெண் என்றாலும் சண்டை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒன்று கண்ணில் படும்படி சின்னதாக இருந்தால் அது வளரும்வரை காத்திரு. சின்ன பல்லி எதுவும் உடும்புக்கு இரைதான்.

உன் 120 செ.மீ. பெட்டி ஒன்றுக்கே குறைந்த அளவு. இரண்டுக்கு 240 × 120 செ.மீ. தரை வேண்டும். மண்ணும் மணலும் கலந்து 45 செ.மீ. ஆழத்துக்குக் கொட்டு. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரம் இருந்தால்தான் வளை இடியாது. இவ்வளவு ஈரமண் இரண்டு டன்னை நெருங்கும், ஆகையால் மாடியில் வைக்காதே.

வெயில் காயும் இடம் இரண்டு கட்டாயம், குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. சண்டை பெரும்பாலும் கடியில் தொடங்குவதில்லை, இங்கேதான் தொடங்குகிறது. பலமானது விளக்கடியில் படுத்துக்கொள்ளும், மற்றது குளிரிலேயே கிடக்கும். சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது, பிறகு தின்னவே மறுக்கும். ஒவ்வொரு விளக்கின் அடியிலும் ஐந்தாறு ஒட்டுப்பலகையை 3 செ.மீ. இடைவெளி விட்டு அடுக்கு. மேல்பலகையில் 60 டிகிரி, கீழே போகப் போகக் குறையும். மேலும் கீழும் உடம்பு ஒட்டி நிற்கும் இடுக்கில்தான் இது நிம்மதியாகக் கிடக்கும். குளிர்ந்த முனை 26 டிகிரியைத் தாண்டக் கூடாது. நடுவில் மரக்கட்டையும் பாறையும் போட்டு, ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியாதபடி மறை.

90 நாள் முடிந்து புதியதற்கும் மண் போட்ட பிறகு, சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒன்றின் மண்ணை இரண்டு கை அள்ளி மற்றதன் பெட்டியில் போட்டு வா, வாசனை பழகட்டும். இடையில் கம்பிவலை வைத்துப் பழக்குவது எனக்குப் பிடிக்காது. வலையில் தேய்த்துத் தேய்த்து மூக்கு புண்ணாகிவிடும்.

விடுமுறை நாள் காலையில் சேர். முந்தின நாளே இரண்டுக்கும் வயிறாரக் கொடுத்துவிடு, அன்று பெட்டிக்குள் இரை எதுவும் வேண்டாம். பெட்டி முழுவதையும் கலைத்து மாற்றி அடுக்கி, இரண்டையும் எதிரெதிர் முனையில் ஒரே நேரத்தில் விடு. நாக்கை நீட்டி முகர்வது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடப்பது, சற்று ஓடி ஒதுங்குவது இவையெல்லாம் சாதாரணம். தொண்டை உப்பி, உடம்பைப் பக்கவாட்டில் வளைத்து, வாலை வீசினால் எழுந்து நில். முன்கால்களால் கட்டிப்பிடித்து எழும்பி உருண்டால் உடனே பிரி. ஆண் பெண்ணை விரட்டிப் பிடரியைக் கவ்வுவது இணைசேரும் வழக்கம்தான், ஆனால் ரத்தம் வந்தாலும் பெண் ஒளிந்தே கிடந்தாலும் அதையும் சண்டையாகவே எடுத்துக்கொள்.

பிரிக்கும்போது இழுக்காதே. கவ்வியது உடும்புப்பிடி, இழுத்தால் தோல் கிழியும், பல் உடையும். ஈரத் துண்டைப் போட்டு மூடு. விட்டதும் நடுவில் பலகையைச் செருகு. வெறுங்கை வேண்டாம்.

முதல் சில வாரம் இரவில் தனித்தனிப் பெட்டிக்கு மாற்று. இரையை இடுக்கியால் இரண்டு முனையிலும் ஒரே சமயம் கொடு. ஒரு கரப்பானுக்கு இரண்டு வாய் பாய்ந்தால் போவது விரல்தான். வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை பார்த்து எழுதி வை. பத்து சதவீதம் குறைந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் பிரி. வால் தொடங்கும் இடத்தைத் தடவிப் பார். கொழுப்பு அங்கேதான் சேரும், இளைக்கும்போது எலும்பு விளிம்பு கைக்குத் தட்டுப்படும். நகம், விரல் நுனி, வால் நுனி மூன்றையும் அப்போதே எண்ணிப் பார்த்துவிடு.

ஆணும் பெண்ணுமாக இருந்தால் முட்டை வரும். 30 செ.மீ. ஆழத்தில் 30 டிகிரி சூட்டில் ஈரமண் கிடைக்காவிட்டால் பெண் முட்டையை அடக்கிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. வயிறு பருத்து, தோண்டித் தோண்டி விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தால் ஆணை வெளியே எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடு.

பழைய பெட்டியை யாருக்கும் விற்றுவிடாதே. விளக்கும் மண்ணுமாக அப்படியே இருக்கட்டும். ஸ்கேன் முடிவு வந்ததும் இரண்டின் எடையையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா