"இதை யார் பார்த்தது?" என்று கேட்ட நடுவர்களுக்கு

மதுரைப் பக்கம் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களுக்கும், நடுவர்களாக வருகிறவர்களுக்கும் வணக்கம்.

ஒத்தக்கடையிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் மகள் எட்டாவது படிக்கிறாள். போன மாதம் ஒரு கண்காட்சிக்கு வேற்றுக்கிரகத்துச் செடி ஒன்றைச் செய்துகொண்டு போனாள். தெர்மாகோல் உருண்டை, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழ சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில் அடுப்புக்கரி பூசிய அட்டை இலைகள். நடுவர் ஒருவர் குனிந்து பார்த்தார். "இதையெல்லாம் யாரும்மா பார்த்தது? அறிவியல்ல கதை கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவள் சொல்ல வைத்திருந்ததை நான் சொல்கிறேன். சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி, சுமார் 4.2 ஒளியாண்டு தூரம். அதைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக 2016இல் அறிவித்தார்கள். அதையும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை, நட்சத்திரம் லேசாக ஆடுவதை அளந்துதான் கண்டுபிடித்தார்கள். அந்தக் கோள் சுமார் 11 நாளில் ஒரு சுற்று முடித்துவிடும், அவ்வளவு நெருக்கம் என்பதால் நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுகிற மாதிரி அதுவும் ஒரே பக்கத்தை நட்சத்திரத்துக்குக் காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு பக்கம் விடியவே விடியாது, மறுபக்கம் பொழுதே சாயாது. அப்படியென்றால் செடிக்கு இலையைத் திருப்புகிற வேலை இல்லை, எல்லா இலையும் ஒரே திசை பார்த்து நிற்கலாம். மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் கிடைப்பதையெல்லாம் உறிஞ்ச இலை கறுப்பாக இருக்கலாம், இது விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிற யூகம். அங்கே காற்று மண்டலம் இருந்தால் குளிர்ந்த பக்கத்திலிருந்து தரையோடு ஓயாமல் காற்று அடிக்கும், அதனால் செடி நெருஞ்சி மாதிரி படர்ந்து கிடக்கும். அந்தக் கரிக்கு இவ்வளவு காரணம் இருந்தது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. "செடி தன்னை மாற்றிக்கொண்டது" என்று சார்ட்டில் எழுதியிருந்தாள், அது தப்பு. எந்தச் செடியும் நினைத்து மாறுவதில்லை, தோதான குணத்தோடு முளைத்தது பிழைத்து விதை போடும், மற்றது போய்விடும், தலைமுறை தலைமுறையாக அப்படி நடந்துதான் மாற்றம் வரும். அதற்கு மார்க் குறைத்திருந்தால் நானே ஒத்துக்கொண்டிருப்பேன்.

இதை யோசிக்க எங்கேயும் போக வேண்டாம். கோடையில் கண்மாய் வற்றி வெடித்துக் கிடக்கும்போது ஈரச்சேற்றுக்குள் விரால் உயிரோடு கிடக்கிறதே, அதற்கு நேரடியாகக் காற்றைச் சுவாசிக்க முடிவதால்தானே. குழம்புக்குத் தாளிக்கிற கல்பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்கிற உயிர், காய்ந்து சருகாகிக் கிடந்தாலும் ஈரம் பட்டால் எழுந்துகொள்கிற இனம். அந்த இனத்தில் வேறு இரண்டு வகைகளை 2005இல் விண்வெளிக்கு அனுப்பி, காற்றும் இல்லாமல் மறைப்பும் இல்லாமல் ஏறக்குறைய இரண்டு வாரம் திறந்து வைத்தார்கள், திரும்பி வந்த பிறகும் அவை ஒளிச்சேர்க்கை செய்தன. அங்கே அவை வளரவில்லை, தாக்குப்பிடித்தன, அவ்வளவுதான். ஆனால் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு பிள்ளை அதுவரைக்கும் யோசித்துப் போக முடியும் என்றால், அதைக் கதை என்று தள்ளலாமா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த கண்காட்சியில் இதற்கென்று ஒரு பிரிவு வையுங்கள். ஈர்ப்பு இவ்வளவு, வெளிச்சம் இவ்வளவு, தண்ணீர் இந்த நிலையில் என்று நீங்களே கொடுத்துவிடுங்கள், அங்கே எது பிழைக்கும், ஏன் என்று பிள்ளைகள் சொல்லட்டும். காரணத்துக்கு மார்க் போடுங்கள். அப்புறம் கேள்வி கேளுங்கள். "அந்த நட்சத்திரம் அடிக்கடி சீறுமே, அந்தக் கதிர்வீச்சுக்கு உன் செடி என்ன செய்யும்?" என்று அன்றைக்கு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் திணறியிருப்பாள், ஆனால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பாள்.

அதை நான் கேட்டேன். சீறும்போது இலையை மண்ணுக்குள் இழுத்துக்கொள்கிற செடி ஒன்றை நோட்டில் வரைந்து காட்டினாள். வெளிச்சமும் கதிரும் ஒன்றாகத்தானே வந்து சேரும், செடிக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்றேன். மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறாள்.