உன் சினேகிதிக்குச் சொல்ல வேண்டியவை

அன்புள்ள மகளுக்கு,

பள்ளிக்கூட விலாசத்துக்கே இதைப் போடுகிறேன். வீட்டுக்கு வந்தால் யார் யார் கையிலோ போகும். தீபாவளிக்கு வரவில்லை, சரி. அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசியதும் போனை வைத்துவிடுகிறாய், அதுவும் சரி. சினேகிதி ஒருத்திக்கு விவாகரத்துக்கு நல்ல லோயர் வேண்டும் என்று கேட்டாயே, அதற்குத்தான் எழுதுகிறேன். கோர்ட்டில் மொழிபெயர்த்தே தலை நரைத்தவனுக்கு வேறென்ன தெரியும்.

முதலில், அந்தப் பிள்ளை வெற்றுத் தாள் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. புருஷன் வீட்டார் நீட்டினாலும் சரி, லோயரே நீட்டினாலும் சரி.

பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணுக்குப் பதிவாளர் கந்தோரிலேயே முடிந்தது என்று யாராவது சொல்வார்கள். அது கண்டிச் சிங்களவருக்கான 1952ஆம் ஆண்டுச் சட்டம். நமக்கு இலங்கையின் பொதுச் சட்டம், மாவட்ட நீதிமன்றம்தான். தோட்டத் தலைவர் முன்னால் எழுதிய சமாதானக் கடதாசியும் விவாகரத்து ஆகாது. இருவரும் சம்மதம் என்பது மட்டும் போதாது. காரணம் காட்ட வேண்டும். பிறரோடு தொடர்பு, வேண்டுமென்றே கைவிடுதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை (மலட்டுத்தன்மை வேறு), இவைதான் காரணங்கள். எதிராளி வாய் திறக்காவிட்டாலும் கூண்டில் ஏறிச் சாட்சியம் சொல்லியே ஆக வேண்டும்.

தாங்க முடியாமல் வெளியேறியவளைப் பார்த்து, அவள்தான் விட்டுப் போனாள் என்று எதிர்ப்பக்கம் சொல்லும். இருக்க விடாமல் செய்தவனே கைவிட்டவன் என்று வாதாட இடம் உண்டு, ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆஸ்பத்திரித் துண்டு, திகதியோடு மெசேஜ்கள். முதல் சந்திப்பிலேயே இவற்றைக் கேட்காமல் “செய்துவிடலாம் தங்கச்சி” என்கிற லோயர் வேண்டாம். தொடர்பு என்று வழக்குப் போட்டால் அந்த மற்றப் பெண்ணையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். அதைச் சொல்லாமல் பிராது எழுதுகிறவரும் வேண்டாம்.

கோர்ட் வாசலில் வந்து ஒட்டிக்கொள்ளும் தரகன் காட்டுகிற ஆள் கூடவே கூடாது. உயர் நீதிமன்றத்தில், அதாவது சுப்ரீம் கோர்ட்டில், பதிவான சட்டத்தரணியா என்று பார்க்க வேண்டும். பதிவானவர் என்பதற்காகவும் போய்விடக் கூடாது. காணி வழக்கிலேயே காலம் தள்ளியவருக்குக் குடும்ப வழக்கு கைவராது. குடும்ப வழக்கு நடக்கும் நாளில் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து கவனித்தால் போதும். பைலை வாசித்துவிட்டு வருகிறவர் யார், தவணை கேட்டே ஓட்டுகிறவர் யார் என்று காலையிலேயே தெரிந்துவிடும்.

புரொக்சி, அதாவது வழக்கை நடத்தச் சட்டத்தரணிக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், யார் பெயரில் என்று கேட்கச் சொல். அதில் பெயர் உள்ள சட்டத்தரணிதான் வழக்கில் பத்திரம் போட முடியும். பேசுவதற்கு வேறொருவர் வரலாம். பிறகு ஆளை மாற்றுவதென்றால் நீதிமன்றத்தின் அனுமதியோடு அந்தப் புரொக்சியை ரத்துச் செய்ய வேண்டும், அங்கேதான் பலர் மாட்டிக்கொள்வது. கட்டணம் மொத்தமாகவா, தவணைக்குத் தவணையா என்று முதலிலேயே கேட்டு, கொடுக்கிற ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். கையில் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. செலவு குறையும் என்று இருவருக்கும் ஒரே லோயர் என்றால் சம்மதிக்கக் கூடாது.

நீ விஞ்ஞானம் படித்துக் கொடுக்கிறவள், உனக்கு இதெல்லாம் புரியும். ஆனால் படித்த பிள்ளைகள்தான் வெட்கத்துக்குப் பயந்து வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். வெற்றுத் தாள் விஷயத்தை மறக்காமல் சொல்.

இந்தப் பக்கத்துக் கோர்ட்டில் வழக்கு சிங்களத்தில்தான் நடக்கும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி தமிழில் மொழிபெயர்ப்புக் கேட்க உரிமை உண்டு. அவளுக்குச் சிங்களம் வந்தாலும் சாட்சியத்தைத் தமிழிலேயே சொல்லட்டும். கடைச் சிங்களத்தில் சொன்ன ஒரு சொல் எழுத்தில் ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம்.

வழக்குப் போடுகிறவர் குடியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம். அந்தப் பிள்ளை தாய் வீட்டோடு வந்துவிட்டால், தாய் வீடு ஹட்டனில் என்றால், ஹட்டனிலேயே போடலாம். இதைக் கட்டாயம் சொல்.

பிள்ளைச் செலவுக்கு விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்கு தனியாகப் போடலாம், இடைக்காலத் தொகையும் கேட்கலாம். அடி உதை இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளையும் அங்கேதான். இந்த இரண்டையும் தானாக எடுத்துச் சொல்லாத லோயரிடம் என்ன இருக்கிறது?

பையனும் நம் பையன் வயதுதான் என்றாய். பிள்ளை யாரிடம் என்பதில் நீதிமன்றம் பிள்ளையின் நன்மையைத்தான் முதலில் பார்க்கும். யார் பள்ளிக்கூடம் கூட்டிப் போனது, கிளினிக் கார்டு யாரிடம், காய்ச்சலுக்கு யார் விழித்திருந்தது என்பதெல்லாம் அங்கே பேசப்படும். தகப்பன் “வேண்டியபோது வந்து பார்க்கலாம்” என்று எழுதுகிற லோயர் அடுத்த சண்டைக்கு விதை போடுகிறார். எந்த நாள், எத்தனை மணிக்கு, விடுமுறையில் யாரோடு, யார் கொண்டுவந்து விடுவது என்று கட்டளையில் இருக்க வேண்டும். விவாகரத்துக்கான முதல் தீர்ப்பு வந்து குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முடிவானதாகும். அதுவரை மறுகல்யாணப் பேச்சே கூடாது.

அம்மாவுக்கு முட்டுவலி, மற்றபடி சுகம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

விவாக அத்தாட்சிப் பத்திரத்தின் சான்றுபடுத்திய பிரதியும் பையனின் பிறப்பு அத்தாட்சியும் இப்போதே தேவைப்படும். நீ லீவு போட்டு அலைய வேண்டாம். பிரதேச செயலகத்தில் நானே எடுத்து அனுப்புகிறேன், பதிவு இலக்கம் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா