திருடர்களின் மடமையும் நம் சிரிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தம் தவற்றாலேயே பிடிபட்ட குற்றவாளிகளைப் பற்றித் தங்கள் இதழில் வரும் துணுக்குகளை டர்பன் நகரின் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் பலரும் விரும்பிப் படிக்கிறார்கள், நானும் விதிவிலக்கல்லன். 1995ஆம் ஆண்டில், எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டால் கேமராவில் முகம் பதியாது என்று நம்பி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் முகமூடியின்றி இரண்டு வங்கிகளைக் கொள்ளையடித்தவனின் கதைக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம். தொலைக்காட்சியில் படம் வெளியானதும் கைதான அவன், சாறு பூசியும் எப்படிச் சிக்கினோம் என்று திகைத்தானாம். டன்னிங், குரூகர் என்னும் உளவியலாளர்கள் தம் திறமைக் குறைவைத் தாமே அறியாதவர்களைப் பற்றி 1999இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறது.

எனினும், பிடிபட்டவனின் மடமைதான் அச்சேறுகிறதே தவிர, பிடிபடாதவனின் சாமர்த்தியம் எந்தத் துணுக்கிலும் இடம்பெறுவதில்லை. அமெரிக்காவின் விசிட்டா நகரின் தொடர்கொலைகாரன், தானே காவல்துறைக்கு அனுப்பிய ஃபிளாப்பி என்னும் பழைய கணினி வட்டில் எஞ்சியிருந்த தகவல்களால் 2005இல் சிக்கினான் என்று சிரிக்கிறோம். அதற்குமுன் முப்பதாண்டுகளுக்கு மேலாக அவன் அகப்படவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். 2024/25ஆம் நிதியாண்டில் 25,000க்கும் அதிகமான கொலைகள் பதிவான தென்னாப்பிரிக்காவில், இரவில் கம்பிக்கதவைப் பூட்டிக்கொண்டு உறங்கும் நமக்கு இது சிறிய செய்தியன்று.

ஆகவே, இத்தகைய துணுக்குகளை நிறுத்த வேண்டா. அவற்றோடு, குற்றவாளி விட்டுச்சென்ற தடயத்தைக் காவலர்கள் எவ்வாறு கண்டறிந்தார்கள், வழக்கு நீதிமன்றத்தில் என்ன ஆயிற்று என்பவற்றையும் இரண்டு வரிகளிலாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.