சம்பந்திக்கு பி.எம்.ஆர். டாக்டர்

அன்புள்ள சுபா,

சம்பந்தியை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாய். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரி 'பிசியோதெரபி தொடரவும்' என்றுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு தெருமுனை சென்டரில் பத்து நாள் பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிடாதே. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதத்தில்தான் கை கால் அதிகமாக மீளும். அதற்குள் ஒரு பி.எம்.ஆர். டாக்டரிடம், அதாவது உடலியக்க மறுவாழ்வு மருத்துவரிடம், காட்டியாக வேண்டும். அவருக்கு ஆங்கிலத்தில் 'பிசியாட்ரிஸ்ட்' என்று பெயர், ஆனால் ரிசப்ஷனில் அப்படிக் கேட்டால் ஒருத்தி பிசியோதெரபிக்கு அனுப்புவாள், இன்னொருத்தி மனநலப் பிரிவுக்கு. 'பி.எம்.ஆர். ஓ.பி. எந்தக் கிழமை?' என்று கேள்.

பெயருக்குப் பின்னால் எம்.டி. (பி.எம்.ஆர்.) அல்லது டி.என்.பி. (பி.எம்.ஆர்.) இருக்கிறதா என்று பார். மூத்தவர்கள் சிலரிடம் அதே துறை டிப்ளமா இருக்கும். பி.பி.டி., எம்.பி.டி. என்பது பிசியோதெரபிஸ்டின் படிப்பு. தினசரி வேலை அவர்கள் கையில்தான், அதில் குறையில்லை. மருந்து எழுதுவதும் ஊசி போடுவதும் டாக்டர் வேலை. பெயரை மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் தேடிவிடு, இரண்டு நிமிஷம்.

உங்களுக்குப் பக்கத்தில் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. போரூர் ராமச்சந்திராவிலும் பி.எம்.ஆர். துறை உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையம் 1966-இல் தொடங்கியது. விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்தத் துறையை நடத்தியவர் டாக்டர் மேரி வர்கீஸ். தண்டுவடத்தில் அடி என்றால் அங்கேயே போகச் சொல்வேன். பக்கவாதத்துக்கு வாராவாரம் போய்வரக்கூடிய தூரம்தான் முக்கியம்.

நல்ல டாக்டரை முதல் நாளே கண்டுகொள்ளலாம். மாமாவின் முழங்கையை முதலில் மெதுவாக நீட்டுவார், பிறகு வெடுக்கென்று நீட்டுவார். மெதுவாக நீட்டும்போது இளகி, வேகமாக நீட்டும்போது பிடித்தால் அது நரம்பு இறுக்கம். இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் மூட்டே இறுகத் தொடங்கிவிட்டது. வைத்தியம் வேறு வேறு. தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா, அழுகிறாரா என்றும் கேட்பார். இதெல்லாம் இல்லாமல் நேராக மெஷின் வைத்தியம் எழுதினால் வேறு இடம் பார்.

இறுக்கத்துக்கு பேக்லோஃபென் மாத்திரை எழுதினால், தூக்கம் வருகிறது என்று சட்டென நிறுத்திவிடக் கூடாது, ஃபிட்ஸ் வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். போட்டாக்ஸ் ஊசி போட்டால் இரண்டு வாரத்தில் தசை இளகும், மூன்று மாதம் போல நிற்கும். அந்த மாதங்களில் பயிற்சியும், கையை நிமிர்த்தி வைக்கும் ஸ்பிளின்டும் நடக்காவிட்டால் ஊசிப் பணம் வீண்.

தூக்கி உட்கார வைக்கும்போது வாதம் விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து யாரும் இழுக்கக் கூடாது. தோள்பட்டையைத் தாங்கும் தசையில் பலம் இல்லை, கை எலும்பு தோள் குழியிலிருந்து இறங்கிவிடும். மாப்பிள்ளையிடம் இரண்டு தடவை சொல். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துத் தூக்கட்டும். தலைக்கு மேல் கப்பி கட்டி இழுக்கும் பயிற்சியும் வேண்டாம்.

பாதம் தொங்குவதற்கு பிளாஸ்டிக் காலணி போலொன்று, ஏ.எஃப்.ஓ., கொடுப்பார்கள். முதல் நாள் அரை மணி நேரம் போட்டு கழற்றிப் பார். சிவப்பு இருபது நிமிஷத்தில் மறையாவிட்டால் செய்தவரிடமே கொண்டுபோ, அந்த இடத்தைச் சூடாக்கி விரித்துத் தருவார். நீயாகப் பஞ்சு வைத்தால் அழுத்தம் இன்னும் கூடும்.

போகும்போது ஸ்கேன் சி.டி., மாத்திரை அட்டைகள், ஒரு வார பி.பி. கணக்கு எடுத்துப் போ. அவர் நடப்பதை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பத்துப் பத்து நொடி போனில் எடு. வேட்டி வேண்டாம், அரை டிரவுசர் போட்டுவிடு. முழங்கால் பின்பக்கமாக வளைவது வேட்டிக்குள் தெரியாது. 'எப்போது பழையபடி ஆவார்?' என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. 'துணையில்லாமல் பாத்ரூம் போக என்ன செய்யலாம்?' என்று கேட்டால் திட்டம் போட்டுத் தருவார்.

சக்கர நாற்காலியை இப்போதே வாங்காதே. பதினெட்டு அங்குல இருக்கை என்றால் சக்கரத்தோடு இருபத்தைந்து அங்குலம் தாண்டும். உங்கள் பாத்ரூம் கதவைத் திறந்து வைத்து, கதவின் தடிமனை விட்டுவிட்டு, உள்ளே எத்தனை அங்குலம் இருக்கிறது என்று இன்று இரவே அளந்து எழுது.

அம்மா