முள் எங்கள் கையில், பெயர் யார் மூட்டையில்?

விளைபொருள் விற்பனையைக் கவனிக்கும் மாவட்ட அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு, இந்த மண்ணில் விளைந்ததற்கே இந்தப் பெயர் என்று சொல்லும் புவிசார் குறியீடு 2023இல் கிடைத்த கதை எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நன்றி மறக்கவில்லை.

போன வாரம் மார்க்கெட்டில் ஒருவர் 'இலவம்பாடி ஒரிஜினல்' என்று அட்டை மாட்டிக் காய் விற்றுக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தால் காம்பு வழவழவென்று இருக்கிறது, ஒரு முள் இல்லை. கேட்டதற்கு, "முள்ளை நாங்களே எடுத்துட்டோம் சார்" என்றார். உங்கள் ஆள் ஒருவரும் அங்கேதான் நின்றார். சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். பக்கத்தில் எங்கள் காய்க்கும் அதே விலை.

எங்கள் செடியில் தண்டு, இலை, காம்பு எங்கும் முள்தான். கையுறை போட்டால் காம்பு பிடிபடாது. அதனால் பறிக்கும் பெண்கள் விரலுக்குப் பழந்துணி சுற்றிக்கொள்கிறார்கள். முள் துணியையும் தாண்டி நகக்கண்ணில் ஏறி ஒடிந்து நிற்கும். ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் ஊக்கைச் சுட்டு நோண்டி எடுக்க வேண்டும். விட்டால் சீழ் வைக்கும், சோறு பிசைய முடியாது. பறிப்புக்கு வர யோசிக்கிறார்கள், வந்தால் கூலி கூடக் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தானே?

பிரியாணிக் கடைக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்கான பணம் எங்களிடம் வருவதில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: இலவம்பாடிக் காய் மூட்டைக்கு முத்திரை வையுங்கள்.

இப்படி முத்திரை வைப்பது வெளிநாட்டில் நடக்கிறதுதான். செக் நாட்டில் ஜாடெட்ஸ் என்று ஓர் ஊர், ஜெர்மன் மொழியில் சாட்ஸ். பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் ஹாப்ஸ் பூ அங்கே விளைகிறது.  ரகம், விளைந்த இடம், அறுவடை ஆண்டு மூன்றையும் மூட்டையில் குறித்துச் சான்று கொடுத்த பிறகே அங்கே ஹாப்ஸ் விற்பனைக்குப் போகும். நமக்குக் குறியீடு வந்த அதே 2023இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பீர் பேச்சு எடுத்ததற்கு முகம் சுளிக்காதீர்கள். டாஸ்மாக் குவார்ட்டருக்கு ஹாலோகிராம் ஒட்டத் தெரிந்த அரசுதானே நம்முடையது? குடிக்கிற சரக்கில் கலப்படம் வரக்கூடாது, தின்கிற காயில் வந்தால் பரவாயில்லையா? போகட்டும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

இன்னொன்று, அந்தப் பெயரில் விற்க ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டுமாம். அந்த விண்ணப்பத்தை ஊரிலேயே உட்கார்ந்து எங்களோடு நிரப்பித் தர ஒருவரை அனுப்புங்கள். பறிப்பு நாளில் விடிகாலையில் வந்தால் மூட்டைக்கு முத்திரையும் அங்கேயே வைத்துவிடலாம். தயவுசெய்து அடுத்த போகத்துக்குள் செய்து கொடுங்கள். வருகிறவருக்கு டீ எங்கள் செலவு.

இப்படிக்கு,
அணைக்கட்டுப் பக்கத்து முள்ளுக் கத்தரி விவசாயி