செயலாளர் ஆண்டறிக்கை: பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனை வாசித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே,

எமது வாசகர் வட்டத்தின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகளைப் பொதுச்சபை முன் சமர்ப்பிக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடைபெற்றன. பொங்கல் ஒன்றுகூடலும் சிறுவர் கதை வாசிப்பும் குறைவின்றி நிறைவேறின.

ஆண்டின் பெரும்பகுதி கிரேக்க இலக்கியப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் கல்விப்பணி பற்றிய தொடர் வாசிப்புக்குச் சென்றது. இதனை முன்மொழிந்தவன் நான் என்பதாலும், இது எமக்கு எதற்கு என உறுப்பினர் சிலர் செயற்குழுவிலேயே கேட்டமையாலும், சற்று விரித்துரைக்கக் கடமைப்பட்டுள்ளேன். 1903இல் லண்டனில் பிறந்து கேம்பிரிட்ஜில் கிரேக்கம் பயின்ற தொம்சன், 1923இல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவுக்குச் சென்று, அங்குள்ள குடியானவரோடும் மீனவரோடும் பழகி ஐரிஷ் மொழியில் தேர்ந்தார். அம்மக்களின் அன்றாடப் பேச்சிலேயே கவிதை ஊறியிருக்கக் கேட்ட பின்னர்தான் பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் தமக்குப் புதிய ஒளியில் தெரிந்தார் என அவர் எழுதியுள்ளார். கேம்பிரிட்ஜைவிட அத்தீவே அவரை ஆக்கியது என்பது என் துணிபு. 1931 முதல் 1934 வரை அயர்லாந்தின் கோல்வே நகரில் கிரேக்கத்தை ஐரிஷ் மொழிமூலம் கற்பித்த அவர், பிளேட்டோவின் உரையாடல்களையும் அம்மொழியில் தந்தார்.

1936இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியரானார். கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்ததும் அவ்வாண்டே. பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலசைப் பற்றி 1941இல் வெளிவந்த அவரது 'எஸ்கிலசும் ஏதென்சும்' என்ற நூல், துன்பியல் நாடகத்தின் வேர்களைக் குலச் சடங்குகளிலும் சமூக மாற்றங்களிலும் தேடியது. செவ்வியல் அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அவர் தம் வழியிலேயே நின்றார். ஈழத்துத் தமிழறிஞர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் அவரிடமே முனைவர் பட்ட ஆய்வு செய்தனர். சங்க வீரயுகப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ் வாய்மொழி மரபுகளோடு ஒப்புநோக்கிய கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டில் நூலாயிற்று. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தை ஆராய்ந்தார். எமக்கு எதற்கு என்ற வினாவுக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

அந்த விடையைக் கேட்டிருக்க வேண்டியவர்களே கைலாசபதி பற்றிய அமர்வுக்கு வரவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். உரையாற்ற வந்தவர் பல நாள் உழைத்துக் குறிப்பெடுத்து வந்திருந்தார். வெற்றுக் கதிரைகளே மிகுந்திருந்தன. வராதோருள் பலர் ஆண்டுச் சந்தாவையும் செலுத்தவில்லை. இத்தொடருக்கான நூல்களில் சிலவற்றைச் செயற்குழுவினர் தம் சொந்தப் பணத்தில் வாங்கினர்.

வரவு செலவு ஏறத்தாழச் சமநிலையில் உள்ளது. விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். மண்டபம் தந்தோருக்கும் தேநீர் உபசரித்தோருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் எஸ்கிலசின் நாடகங்களையும் சிவத்தம்பியின் ஆய்வையும் சேர்த்து வாசிக்க விரும்புகிறோம். சந்தா நிலுவை தீராதவிடத்து நூல் வாங்கவோ மண்டப வாடகை செலுத்தவோ இயலாது. பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் கூட்டம் முடிந்த பின்னரும் இங்கிருப்பார்.